சலூனுக்கு மேலே ஒரு இளவரசி

போன கிழமை, ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் சின்னம்மாவோடு செட்டியார் தெருவுக்குப் போயிருந்தேன். பழைய அட்டியல் ஒன்றை அழித்து மகளுக்கு மெல்லிய சங்கிலியாகச் செய்யவேண்டும் என்று வந்தவர், கடைக்காரர் அதைத் தராசில் வைத்ததும் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அந்த அட்டியலின் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். 83 ஆடியில் வெள்ளவத்தை வீட்டை விட்டு ஓடும்போது அம்மம்மா அதைப் பாவாடைப் பட்டிக்குள் செருகிக்கொண்டு, முகாமிலும் சரி, பிறகு காங்கேசன்துறைக்குப் போன கப்பலிலும் சரி, ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

எனக்கு என்னவோ அந்த நேரத்தில் ரஷ்ய அரச குடும்பத்துப் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். சிரிக்காதீர்கள், இரண்டு மாதமாக நித்திரை முழித்து அவர்களைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். தொடங்கியது ரஷ்யாவின் கடைசிச் சார் மன்னர் இரண்டாம் நிக்கலஸ் இளவரசராக இருந்தபோது, 1891இல், நம்முடைய கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர் என்று எங்கோ வாசித்ததில். அவரை விட்டுவிட்டு வீட்டுப் பெண்கள் பக்கம் போய்விட்டேன்.

புரட்சிக்குப் பிறகு, 1918இல், நிக்கலஸின் மனைவி சாரினா அலெக்சாண்ட்ராவைக் கணவரோடு எகத்தரீன்பர்க்குக் கைதியாகக் கொண்டுபோனபோது, மூன்று மகள்மார் தம்பியோடு டோபொல்ஸ்க்கில் நின்றார்கள். அவர்களுக்குத் தாய் இருந்த வீட்டிலிருந்து கடிதம் போகிறது: 'மருந்துகளை' ஒழுங்குபண்ணுங்கள். மருந்து என்றால் நகை. பிள்ளைகளும் பணிப்பெண்களும் உட்கார்ந்து வைரங்களை உள்சட்டைகளுக்குள் வைத்துத் தைத்தார்கள். யூலை 17 அதிகாலை எகத்தரீன்பர்க் வீட்டு நிலவறையில் முழுக் குடும்பத்தையும் சுட்டபோது குண்டுகள் அந்தக் கற்களில் பட்டுத் தெறித்தன, அதனாலேயே அந்தப் பிள்ளைகளின் உயிர் போக நேரமெடுத்தது. இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. மகள்மாரில் இளையவரான அனஸ்தாசியா தப்பிவிட்டார் என்ற கதையையும் இங்கே இழுக்கப்போவதில்லை, டிஎன்ஏ பரிசோதனைகள் அதை எப்போதோ முடித்துவிட்டன.

உண்மையைச் சொன்னால், செத்தவர்களைவிடத் தப்பியவர்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மாளிகையில் வளர்ந்த ஒரு பெண், கையில் காசில்லாமல், தெரியாத ஊரில் காலையில் எழும்பி என்ன செய்வாள்?

மரியா பவ்லோவ்னாவைப் பாருங்கள், நிக்கலஸின் ஒன்றுவிட்ட தங்கை. பாரிசில் நகைகளை ஒவ்வொன்றாக விற்றுத் தின்று முடிகிற கட்டத்தில், தையல் மெஷினில் எம்பிராய்டரி போடப் பழகி, கிட்மீர் என்று ஒரு நிறுவனம் தொடங்கி, கோகோ ஷனேலின் உடுப்புகளுக்கு வேலை செய்து கொடுத்தார். தொழிற்சாலைக்குப் போய் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து பழகிய வேலை அது.

நிக்கலஸின் தாய் மரியா ஃபியோதரொவ்னா வேறு மாதிரி. டென்மார்க்கில் பிறந்தவர், 1919இல் பிரித்தானியப் போர்க்கப்பலில் கிரிமியாவிலிருந்து வெளியேறி, கடைசியில் பிறந்த நாட்டுக்கே திரும்பினார். அங்கே அரசராக இருந்த அண்ணன் மகன் கரண்ட் பில் கூடுகிறது, லைட்டை அணையுங்கள் என்று ஆள் அனுப்ப, மனுஷி வீட்டிலிருந்த எல்லா லைட்டையும் போடச் சொன்னாராம்! நகைப்பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டே படுத்தார். மகன்களும் பேரப்பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள் என்பதை 1928இல் சாகும்வரை ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை கிரிமியாவில் தப்பிய விதத்தைத்தான் சின்னம்மாவுக்குச் சொன்னேன். மரியா ஃபியோதரொவ்னாவின் கடைசி மகள், நிக்கலஸின் தங்கை, ஓல்கா அவற்றைச் சிறிய கொக்கோ டின்களில் போட்டு, ஆபத்து வரும்போதெல்லாம் கடற்கரைப் பாறையடியில் ஒரு பொந்துக்குள் ஒளித்துவைப்பார், இடம் மறக்காமலிருக்க அடையாளத்துக்கு ஒரு நாயின் மண்டையோடு. சின்னம்மா அட்டியலை மறந்து என்னையே பார்த்தார். "கொக்கோ டின்னோ?"

ஓல்கா 1882இல் பிறந்தபோது பீரங்கி முழங்கியது. முதல் கல்யாணம் சூதாட்டப் பைத்தியம் பிடித்த ஒரு பிரபுவோடு, பெயருக்கு மட்டும். நிக்கொலாய் குலிகோவ்ஸ்கி என்ற அரச வம்சமல்லாத இராணுவ அதிகாரியை விரும்பி, பதின்மூன்று வருடம் காத்திருந்து 1916இல் கட்டினார். இடையில் முதலாம் உலகப்போரில் தாதியாக வேலை. இரண்டாவது மகன் பிறந்தது 1919இல், உள்நாட்டுப் போர் நடுவே, குபான் பக்கத்துக் கிராமமொன்றில். பிறகு டென்மார்க்கில் பண்ணை, 1948இல் கனடாவில் பண்ணை, அதுவும் முடியாமல் போய் 1952இல் ரொறன்ரோவுக்கு அருகே குக்ஸ்வில்லில் ஒரு சின்ன வீடு. இத்தனைக்கும் நடுவில் விடாமல் படம் கீறிக்கொண்டே இருந்தார், ஈராயிரத்துக்கும் மேல். பூக்கள், சமோவார் என்கிற ரஷ்யத் தேநீர்ப் பாத்திரம், பனி மூடிய முற்றம்.

1959இல் எலிசபெத் மகாராணி கனடாவுக்குக் கப்பலில் வந்தபோது மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கப்பட்டார். அடுத்த வருடம் நவம்பரில், ரொறன்ரோவின் ஜெராட் தெரு கிழக்கில், ஒரு சலூனுக்கு மேலே இருந்த ரஷ்ய நண்பர்களின் அறைகளில் உயிர் விட்டார்.

"ஜெராட் ஸ்ட்ரீட்டோ?" சின்னம்மா கத்தியே விட்டார். "நாங்கள் போன புதுசில கறித்தூள், பருப்பு, சீலை எல்லாம் அங்கதானே வாங்கினது!" அந்த இந்தியக் கடைகள் இன்னும் கொஞ்சம் கிழக்கே இருக்கின்றன, ஆனால் தெரு அதேதான். மைனஸ் குளிரில் ட்ராமுக்குக் காத்து நின்றது, இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு ஐஸில் வழுக்கி விழுந்தது என்று தொடங்கி, கடைக்காரர் சேதாரக் கணக்குச் சொல்லும்வரை நிறுத்தவில்லை. அட்டியலை அழிக்கக் கொடுத்தாரா? கொடுத்தார். சேதாரத்துக்கு மட்டும் அரை மணித்தியாலம் பேரம்.

திரும்பி வரும் வழியில், காலி வீதி நெரிசலில் ஓட்டோ நின்றுகொண்டிருக்கும்போது, மிச்சத்தையும் கேட்டார். ஓல்காவின் தாய் செத்ததும் பெட்டி லண்டனுக்குப் போனது, பிரித்தானியாவின் மேரி மகாராணி சிலவற்றை வாங்கினார், மிச்சம் விற்கப்பட்டது, புருஷன் சாதாரண ஆள் என்பதால் அந்தப் பேச்சுகளில் தன்னைத் தள்ளிவைத்தார்கள் என்ற மனத்தாங்கல் ஓல்காவுக்கு இருந்தது என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டின்னுக்குள்ள போட்டு ஒளிச்சவளுக்கோ பங்கு குறைவு?" என்றார். பம்பலப்பிட்டி தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.