கொடைக்கானல் பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கி

கொடைக்கானல் போகிற எல்லோருக்கும் வத்தலக்குண்டு தெரியும். பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். ஒரு டீ, ஒரு சீப்பு வாழைப்பழம், மலைப்பாதையில் குமட்டாமலிருக்க எலுமிச்சம்பழம். அப்புறம் மலைதான். நானும் பல வருஷம் அப்படியே கடந்து போனவன். இந்த முறை மதுரை ஆரப்பாளையத்தில் ஏறும்போதே கண்டக்டரிடம் வத்தலக்குண்டுக்கு மட்டும் டிக்கெட் கேட்டேன். எழுத்தாளரும் ‘எழுத்து’ பத்திரிகையின் ஆசிரியருமான சி.சு. செல்லப்பாவின் ஊரைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

செல்லப்பாவுக்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது. இந்தச் சின்ன ஊர் மூன்று பத்திரிகை ஆசிரியர்களைக் கொடுத்திருக்கிறது. முதலாமவர் பி.ஆர். ராஜமய்யர். ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில் 1893 முதல் தொடராக வந்த ‘கமலாம்பாள் சரித்திரம்’ நாவலை எழுதியவர். 1896-இல் சென்னையில் ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கிலப் பத்திரிகை தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர் அவர்தான், வயது 24. இரண்டே வருஷத்தில் இறந்துபோனார். பத்திரிகை இமயமலைப் பக்கம் இடம்பெயர்ந்து இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. இரண்டாமவர் பி.எஸ். ராமையா. 1935-இல் ‘மணிக்கொடி’யைக் கையிலெடுத்து அதைச் சிறுகதைப் பத்திரிகையாக மாற்றியவர். மௌனியின் முதல் கதைகள் அச்சேறியது அவர் கையால்தான். மூன்றாமவர்தான் நம்ம ஆள்.

பெயரின் முதலெழுத்தில் இருப்பது சின்னமனூர். ஆனால் செல்லப்பா வளர்ந்தது இங்கே, தாய்மாமன் வீட்டில். பஸ் நிலையத்திலிருந்து உள்ளே நடந்தால் கடைவீதி நெரிசல். அதைத் தாண்டி ஊரின் ஓரத்துக்கு வந்துவிட்டால் வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, மஞ்சளாறு, மேற்கே நீலமாக மலை. நான் போன நேரம் ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குக்கூட இல்லை.

ஒரு டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். “செல்லப்பாவா? எந்தச் செல்லப்பா, அண்ணாச்சி?” என்றார் கடைக்காரர். ‘வாடிவாசல்’ என்றதும் முகம் மலர்ந்தது. “சூர்யா படமா? அது நம்மூர்க்காரர் எழுதுனதா!” அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கி, “ஐயர் வீட்டுப் பிள்ளைதான். மாடு அணையுறதைப் பத்தி அவரு மாதிரி யாரும் எழுதலே” என்றார். அப்புறம் பேச்சு காளைகள் பக்கம் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஜல்லிக்கட்டைக் கேமராவும் கையுமாகப் போய்ப் படம் பிடித்தவர் செல்லப்பா. அந்தக் கண்தான் அந்தக் குறுநாவலை எழுதியது.

ஆனால் என்னைக் கேட்டால், செல்லப்பாவின் பெரிய காரியம் ‘வாடிவாசல்’ இல்லை, ‘எழுத்து’ பத்திரிகை. 1959 ஜனவரியில் முதல் இதழ். வார இதழ்களின் தொடர்கதைகள் லட்சக்கணக்கான வாசகர்களைக் கட்டிப்போட்டிருந்த காலம். அப்போது, சினிமா இல்லை, துணுக்கு இல்லை, ஜோக் இல்லை, விமர்சனத்துக்கென்றே ஒரு பத்திரிகை என்று கிளம்பினார். மனைவியின் நகை அதற்குப் போயிற்று. விமர்சனத்துக்காகத் தொடங்கியது என்னவோ கவிதையின் தலையெழுத்தை மாற்றிவிட்டது. முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ கவிதை வந்தது. அதைப் பார்த்து, யாப்பு இல்லாமலும் கவிதை எழுதலாம் என்று துணிந்தவர்கள் வரிசையாக வந்தார்கள்: சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி. திருகோணமலையிலிருந்து தபாலில் கவிதை அனுப்பிய தருமு சிவராமுக்கு, அதாவது பிரமிளுக்கு, அப்போது இருபது வயசுதான் இருக்கும். கடல் தாண்டி இருந்த ஒரு பையனின் எழுத்தைப் படித்துப் பார்த்து, உடனே இடம் கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டுமல்லவா? அதுதான் செல்லப்பா. 1962-இல் இந்தக் கவிதைகளைத் தொகுத்து ‘புதுக்குரல்கள்’ என்று புத்தகமாகவும் போட்டார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ‘எழுத்து’ பழைய இதழ்களை உட்கார்ந்து வாசிப்பது சுகமான வேலை இல்லை. செல்லப்பாவின் விமர்சன நடை கரடுமுரடு. ஒரு கதையை எடுத்துக்கொண்டால் எலும்பு எலும்பாகக் கழற்றிக் காட்டாமல் விடமாட்டார். நாலு பக்கத்தில் முடிய வேண்டியது பதினாலு பக்கம் ஓடும். சில இடங்களில் நான் தூங்கியே போயிருக்கிறேன். ஆனால், கதையை இப்படி வரி வரியாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பதே அன்றைக்குப் புதுசு. வெங்கட் சாமிநாதன் போன்ற விமர்சகர்கள் சண்டைக்கு நிற்க ஒரு மேடை கிடைத்ததும் இங்கேதான்.

சென்னை திரும்பியபின் திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவுக்கும் போனேன். ‘எழுத்து’ வெளிவந்த தெரு. பைக்குகளுக்கு நடுவே உடம்பைத் திருப்பித் திருப்பித்தான் நடக்க வேண்டியிருந்தது. மேன்ஷன்களிலிருந்து சாம்பார் வாசனை. இந்தத் தெருவிலிருந்துதான் அந்த மனிதர் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக, ஊர் ஊராகப் போய் விற்றார். பத்திரிகை ஆசிரியர் என்றால் மேஜை, மின்விசிறி, உதவியாளர் என்று நினைக்கிறோம். இவருக்குக் கட்டுரை எழுதுவது, புரூஃப் பார்ப்பது, பார்சல் கட்டுவது, சந்தா கேட்டு அலைவது எல்லாம் ஒரே ஆளின் வேலை. நடுநடுவே பொம்மை செய்து விற்று வீட்டுச் செலவைப் பார்த்திருக்கிறார். அப்படி 119 இதழ்கள். கடைசிக் காலத்தில் மாத இதழ் காலாண்டிதழாகி, 1970-இல் நின்றது.

நின்றது பத்திரிகைதான், அவர் இல்லை. சுதந்திரப் போராட்டத்தின்போது, 1941 தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை போனவர் அவர். அந்தக் காலத்தை நாவலாக எழுதியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தார். மூன்று பாகமாக ‘சுதந்திர தாகம்’ 1997-இல் வந்தது. அப்போது வயது 85, பதிப்பாளரும் அவரே. மறு வருஷம் டிசம்பரில் காலமானார். அந்த நாவலுக்கு 2001-இல் சாகித்ய அகாதெமி விருது கொடுத்தார்கள். பரிசு என்றாலே பின்வாங்குகிற மனுஷர். உயிரோடு இருந்திருந்தால் டெல்லிக்கு ரயில் ஏறியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.