'போ'வுக்கு கால் முளைச்ச கதை: ரெண்டு மாச காமிக்ஸ் கவிதை முயற்சி

ரெண்டு மாசமா ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் இதான் வேலை. காமிக்ஸ் கவிதைன்னு சொன்னா "ஓ, கவிதைக்கு படம் போடுறியா"ங்குறாங்க. அது இல்லப்பா, கட்டத்துல இருக்குற படமும் வார்த்தையும் சேர்ந்தாத்தான் கவிதையே வரணும். ஆனா மொத நாலு தாள்ல நானும் வார்த்தைக்கு படம்தான் போட்டு வச்சிருந்தேன், மழைன்னு எழுதி பக்கத்துல மழை, நிலான்னு எழுதி மேல ஒரு நிலா, பார்த்தா மளிகைக்கடை காலண்டர் மாதிரியே இருக்கு.

அப்புறம்தான் 1964ல நியூயார்க்ல வந்த சி காமிக்ஸ்ங்குற பத்திரிகையோட பக்கம் சிலது கண்ணுல பட்டுச்சு. ஜோ பிரெய்னார்ட் படம், ஃபிராங்க் ஓஹாரா மாதிரி கவிஞருங்க வார்த்தை. படம் ஒரு பக்கம் போகுது, பலூனுக்குள்ள பேச்சு வேற எங்கேயோ போகுது, சிரிப்பு ரெண்டுக்கும் நடுவுல வருது. நானும் காலி அடுப்படிய வரைஞ்சு பலூன்ல "பஸ் கிளம்பிருச்சா"ன்னு மட்டும் எழுதினேன். பரவால்ல, இது ஏதோ பேசுது.

நமக்குன்னு சித்திரகவி, அதாவது பாட்டையே படத்துக்குள்ள அடைச்சு எழுதுற பழைய வகை, இருக்கேன்னு அதையும் தொட்டுப் பார்த்தேன். திருமங்கையாழ்வாரோட எழுகூற்றிருக்கைப் பாட்டு இருக்கே, அதுல வர்ற எண்ணுங்க ஒன்னு ரெண்டு ஒன்னு, ஒன்னு ரெண்டு மூணு ரெண்டு ஒன்னுன்னு ஏழு வரைக்கும் ஏறி ஏறி இறங்கும், கட்டம் போட்டு எழுதினா தேர் நிக்கும். நான் எடுத்தது நாகபந்தம், பின்னின பாம்பு உருவத்துல எழுதுற சித்திரகவி. பாம்பு பின்னிக்கிற எடத்துல விழுற எழுத்து ரெண்டு வரிக்கும் பொருந்தணும். ஒரு வாரம் முட்டி மோதினதுல பாம்பு அம்சமா வந்துச்சு, பாட்டு வரல.

உருப்படியா வந்தது ஒன்னே ஒன்னு, 'போ'. மூணு கட்டம். மொத கட்டத்துல இரட்டைக்கொம்பு மட்டும், சுருண்டு படுத்த ஆள் மாதிரி. ரெண்டாவதுல ப, கூரை போன வீடு. இதுவரைக்கும் சேர்த்துப் படிச்சா 'பே'தான். மூணாவதுல வெறும் கால். கால் வந்தாதான் 'போ' ஆகுது! துணைக்கால்னு பேர் வச்ச புண்ணியவான் வாழ்க. தங்கச்சிகிட்ட மூணாவதை கையால மறைச்சு காட்டினேன், "பே... என்னண்ணே, பேய்னு எழுத வந்தியா"ன்னா, கையை எடுத்ததும் கொஞ்ச நேரம் ஒன்னும் சொல்லல, அப்புறம் "யாரை போகச் சொல்ற"ன்னு கேட்டா.

இதை போன்ல பண்ண முடியல. கொம்பை தனியா அடிச்சா பக்கத்துல ஒரு புள்ளி வட்டம் வந்து ஒட்டிக்குது, எழுத்து இல்லாம கொம்பு நிக்கக்கூடாதுன்னு யூனிகோடு, அதான் கம்ப்யூட்டர், போன்ல எழுத்துக்கெல்லாம் இருக்குற பொது முறை, அதோட கணக்கு. ரெண்டு நாள் கடுப்பா இருந்துச்சு. அப்புறம் உத்துப் பார்த்தா ஆள் எந்திரிச்சு போன எடத்தை யாரோ புள்ளி வச்சு குறிச்ச மாதிரி இருக்கு, பேனாவுல வரையும்போது அந்த வட்டத்தையும் கடைசி கட்டத்துல காலுக்குப் பின்னாடி வரைஞ்சுட்டேன்.

இப்போ கைல இருக்குறது 'யானை'. 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்ற வரைக்கும் அதுல இருக்குற னைக்கு முன்னாடி இப்போ போடுற கொம்புக்குப் பதிலா துதிக்கை மாதிரி ஒரு வளைவு உண்டு, தாத்தாவோட பழைய புத்தகத்துல பார்த்துதான் வளைவைப் பழகுறேன். மொத கட்டத்துல துதிக்கையோட, அடுத்ததுல இப்போ எழுதுற மாதிரி. ஆனா அது வெறும் முன்னே பின்னே போட்டோ மாதிரி இருந்துச்சு, ஒரு ஜீவனும் இல்ல. நேத்து ரெண்டு கட்டத்துலயும் துதிக்கையை எடுத்துட்டு, நடுவுல இருக்குற வெள்ளைச் சந்துல அதை மட்டும் தனியா தொங்க விட்டேன். மை இன்னும் காயல.