பொலோன்யாவில் 14 நிமிடம்

ரயில் டிக்கெட் விற்கும் செயலிக்கு இழுத்துச் செல்லப் பெட்டி கிடையாது, ஏறி இறங்கப் படியும் கிடையாது. ஆகவே ரோமிலிருந்து ரவென்னாவுக்குப் போக வேண்டும் என்று கேட்டால், பொலோன்யாவில் இறங்கி 14 நிமிடத்தில் அடுத்த வண்டியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அது கூசாமல் சொல்லிவிடுகிறது. நாங்கள் போனது நான்கு பேர்: நான், என் மனைவி, மாமனார், மாமியார். மாமனார் தெற்கு ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதால், அந்த 14 நிமிடத்தைப் பற்றி அவருக்குத் தொழில்முறை அபிப்பிராயம் ஒன்று இருந்தது.

"விழுப்புரத்துல அந்த நேரத்துக்குள்ள இன்ஜினையே மாத்திடுவோம், மாப்பிள்ளை" என்றார்.

"இன்ஜினுக்கு முட்டி வலி இல்லை" என்றார் மாமியார்.

வெளியூரில் ரயில் மாறுவதில் இந்தத் தம்பதிக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. எழுதி ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டால் யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்பது மாமாவின் கட்சி. உள்ளூர்க்காரர்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்களோ அந்தப் பக்கம் போனால் போதும், படிப்பதெல்லாம் வெட்டி வேலை என்பது அத்தையின் கட்சி. இத்தாலிய ரயில் நிலையங்கள் இரண்டு கட்சிக்கும் மாறி மாறி இடம் கொடுத்ததுதான் எங்கள் பயணத்தின் சுவாரசியமே. நாங்கள் போனபோது அங்கே நிலையத்துக்கு நிலையம் கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரிய கால அட்டவணைகள் தொங்கின. மஞ்சள் தாளில் புறப்படும் வண்டிகள், வெள்ளைத் தாளில் வந்து சேரும் வண்டிகள். மாமா எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் மஞ்சள் தாளின் முன்னால் போய் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு தாளில் இடிக்கும் அளவுக்கு நெருங்கி, ஒவ்வொரு வண்டியும் நிற்கும் ஊர்களின் பொடி எழுத்தையெல்லாம் விரலால் தடவிப் படித்துவிட்டுத்தான் கழிப்பறை எங்கே என்று கேட்பார். அதற்குள் அத்தை கழிப்பறைக்குப் போய்த் திரும்பியிருப்பார். காசு வாங்குகிறார்கள் என்ற செய்தியோடு.

ரோம் டெர்மினியில் மாமாவின் கட்சி வென்றது. முப்பதுக்கும் மேற்பட்ட பிளாட்பாரங்கள் உள்ள அந்த நிலையத்தில், எந்த வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும் என்பதைப் புறப்படுவதற்குச் சற்று முன்புதான் மின்பலகையில் காட்டுகிறார்கள். அதுவரைக்கும் நூற்றுக்கணக்கானோர் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கருடனுக்குக் காத்திருக்கும் பக்தர்களைப் போல அண்ணாந்து நிற்கிறார்கள். பலகையில் பொலோன்யா என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். பொலோன்யா போகிறவர் மிலானையோ வெனிஸையோ தேட வேண்டும். அதிலும் மிலானுக்குப் போகும் வண்டிகள் அடுத்தடுத்து இருக்க, அவற்றில் சில ரோமில் கிளம்பினால் வழியில் எங்கும் நிற்காமல் மிலானில்தான் மூச்சு விடும். முதலில் தெரிந்த மிலானை நோக்கிக் கூட்டம் பாய்ந்தபோது அத்தையும் கூடவே பாய்ந்தார். மாமா அசையவில்லை. டிக்கெட்டில் இருந்த வண்டி எண்ணைப் பலகையோடு ஒரு முறைக்கு இரு முறை ஒப்பிட்டு, "அது நம்ம வண்டி இல்லை, இது" என்று அடுத்த வரியைக் காட்டினார். அத்தையைத் திருப்பி அழைத்துவர என் மனைவி ஓட வேண்டியிருந்தது.

ஃபிளாரன்ஸ் தாண்டியதும் அப்பெனைன் மலைத்தொடரைப் பார்க்கலாம் என்று மாமா ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தார். 2009இல் திறந்த அந்த அதிவேகப் பாதையில் சுமார் 78 கிலோமீட்டருக்கு 73 கிலோமீட்டர் சுரங்கம் என்பதால், அவர் பார்த்தது பெரும்பாலும் தம்முடைய முகத்தையே. அதையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டி பொலோன்யாவுக்கு ஆறு நிமிடம் தாமதமாக வந்தது. 14இல் எட்டு மீதம். இந்த எட்டு நிமிடம் எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதைப் புரிந்துகொள்ள பொலோன்யா மத்திய நிலையத்தின் உடலமைப்பு தெரிந்திருக்க வேண்டும். பழைய நிலையம் தரைமட்டத்தில் இருக்கிறது. 2013இல் அதிவேக வண்டிகளுக்காகத் திறந்த நிலையம் அதற்குக் கீழே, ஏறக்குறைய 23 மீட்டர் ஆழத்தில், 16 முதல் 19 வரை எண்ணிட்ட பிளாட்பாரங்களோடு இருக்கிறது. செயலியின் கண்ணுக்கு இரண்டும் ஒரே நிலையம்தான். நாம் இறங்கிய பெட்டியிலிருந்து நகரும் படிக்கட்டு வரை நடந்து, அதில் ஒரு தளம் ஏறி, அங்கே விரிந்து கிடக்கும் கூடத்தைக் கடந்து, மறுபடி ஏறி, பழைய நிலையத்தின் சுரங்கநடையைப் பிடித்து, அதிலிருந்து உரிய பிளாட்பாரத்துக்குப் படியேறிப் போகும் வழி முழுவதும் பெட்டிகளை இழுத்துச் செல்பவருக்குத்தான் அது இரண்டு நிலையம்.

முட்டியைக் காரணம் காட்டி அத்தை லிஃப்ட்டைத் தேர்ந்தெடுத்தார். உள்ளூர்க்காரர் ஒருவர் ஏறினார், அவர் பின்னால் நாங்களும் ஏறினோம். கதவு திறந்தபோது எதிரே தண்டவாளத்தைக் காணவில்லை. கார்கள் வந்து ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் தளம் அது. உள்ளூர்க்காரர் அங்கே காத்திருந்த காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். "அவர் கூடவே போயிருந்தா இந்நேரம் காபியாவது கிடைச்சிருக்கும்" என்று மாமா சொன்னதை அத்தை காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது ரவென்னா வண்டியின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தின் நுனியைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் மூச்சிரைத்துக்கொண்டு தூணில் சாய்ந்தேன். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை, சக ஊழியரைப் பாராட்டும் நிறைவு மட்டுமே இருந்தது. "ரைட் டைம் எடுத்திருக்கான், பாருங்க மாப்பிள்ளை. செகண்ட் பிசகலை."

உள்ளூர் வண்டிகளுக்குக் காகித டிக்கெட் எடுத்து வைத்திருந்ததால் பணம் போகவில்லை. அதிவேக வண்டியின் டிக்கெட் ஒரு வண்டிக்கும் ஓர் இருக்கைக்கும் கட்டுப்பட்டது. உள்ளூர் வண்டியின் காகித டிக்கெட்டோ முத்திரை குத்தாதவரை அன்று எந்த வண்டிக்கும் செல்லும். ஏறும் முன் நாமே இயந்திரத்தில் நுழைத்துக் குத்திக்கொள்ள வேண்டும், குத்தினால் 4 மணி நேரம். குத்த மறந்து ஏறினால் பரிசோதகர் அபராதச் சீட்டைக் கிழித்துவிடுவார். நான்கு டிக்கெட்டையும் குத்தும் உரிமையை மாமா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. துவாரத்தில் நுழைத்து, இடப்பக்கம் நகர்த்தி, இயந்திரம் கரகரவென்று அச்சடித்து முடித்ததும் வெளியே எடுத்து, மையின் அழுத்தத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய அட்டை டிக்கெட்டுகளில் தேதி குத்திக் கொடுத்த கை அது. ஒன்றில் மை மங்கலாக விழுந்திருந்ததால் கவுன்டருக்குப் போய்ப் புகார் சொல்ல வேண்டும் என்றார். நாங்கள் மூவரும் சேர்ந்து தடுத்தோம்.

இதற்கு முன்பே, அடுத்த வண்டிக்கு நேரம் கிடந்ததால் நிலையத்துக்கு வெளியே சற்று நின்றிருந்தோம். முகப்புச் சுவரில் உள்ள பெரிய கடிகாரம் 10:25 காட்டியது. மாமா தம்முடைய கடிகாரத்தைப் பார்த்தார், அதைப் பார்த்தார். "இவ்வளவு பெரிய ஜங்ஷன்ல நின்னுபோன கடிகாரத்தைச் சரிபண்ண ஆள் இல்லையா?" என்று கேட்டார். 1980 ஆகஸ்ட் 2ஆம் தேதி இந்த நிலையத்தின் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள், அந்த நேரத்தில்தான் முள்ளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று என் மனைவி படித்ததைச் சொன்னாள். மாமா அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறைக்குப் போய், சுவரில் பதித்திருக்கும் பெயர்ப் பட்டியலை முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை படித்தார். மஞ்சள் தாளுக்குக்கூட அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

ரவென்னாவின் மொசைக் ஓவியங்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து வெனிஸுக்குப் போக மறுபடியும் பொலோன்யாவையே செயலி காட்டியது. இம்முறை மாமா செயலியை ஏறெடுத்தும் பார்க்காமல் வரைபடத்தை விரித்து, வடக்கே போகும் ஒற்றைத் தடப் பாதை ஒன்றைக் கண்டுபிடித்து, ஃபெராராவில் வண்டி மாறலாம் என்று முடிவு செய்தார். சின்ன நிலையம், எல்லாம் ஒரே மட்டம், ஒன்பது நிமிடம் தாராளம். எங்கள் வண்டி வழியில் எதிர்வண்டிக்காக நின்று நின்று ஏழு நிமிடம் பிந்தியது. ஆனால் ஃபெராராவில் இறங்கிப் பலகையைப் பார்த்தால், பிடிக்க வேண்டிய வெனிஸ் வண்டி பத்து நிமிடம் தாமதம். இத்தாலியில் இணைப்பு வண்டி கிடைப்பதற்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. ஒரு தாமதத்தை இன்னொரு தாமதம் கழித்துவிடுகிறது.

மஞ்சள் தாள் சொன்ன பிளாட்பாரத்தில் மாமா எங்களை வரிசையாக நிறுத்தி வைத்தார். ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. ரயில் இரைச்சலில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பக்கத்து பெஞ்சில் சக்கரம் வைத்த கறிகாய்ப் பையோடு உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் பெருமூச்சு விட்டு எழுந்து சுரங்கநடையை நோக்கிப் போனார். அத்தையும் எழுந்தார்.

"எங்கே போறே? பிளாட்பாரம் இதுதான்."

"அந்தம்மா போறாங்க."

"அவங்களுக்கு வீடு அந்தப் பக்கமா இருக்கும்."

அத்தை பதில் சொல்லாமல் படியிறங்கிவிட்டார். வேறு வழியின்றி நாங்களும் பெட்டிகளோடு இறங்கி மறுபக்கம் ஏறியபோது, வெனிஸ் வண்டி அந்தப் பிளாட்பாரத்தில் வந்து நின்றது. பிளாட்பாரம் மாற்றினால் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று மாமா பாதுவா வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். "எழுதி ஒட்டினா மட்டும்? நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி போயிருக்கும்" என்றார் அத்தை.

அந்த வெற்றி ஒரு மணி நேரம் நீடித்தது. வெனிசியா மெஸ்த்ரே என்ற நிலையத்தில் பெட்டியில் பாதிப் பேர் எழுந்து இறங்கத் தொடங்க, அத்தையும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். மாமா உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். மெஸ்த்ரே நிலப்பகுதி, வெனிஸ் தீவுக்கு அடுத்த நிறுத்தமான சாந்தா லூசியாவில்தான் இறங்க வேண்டும். 1846இல் திறந்த பாலத்தின் மேல் வண்டி கடலைக் கடந்தபோது அவர் பெருமிதம் தாங்காமல், பாம்பனைவிட இது நீளம்தான் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குப் பெருந்தன்மையாக இருந்தார்.

சாந்தா லூசியாவில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மாற வண்டி இல்லை என்று நிம்மதியாக வெளியே வந்தோம். வாசல் படியை ஒட்டிக் கால்வாய். அதில் வரிசையாக மிதக்கும் படகுத்துறைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து, எழுத்துக்குக் கீழே படகு எண்கள், ஒரே எண் படகு இரு திசைக்கும் இரு துறைகளிலிருந்து. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டவணையைத் தேடிப் போனார். அத்தை கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சரிபாதியாகப் பிரிந்து, பாதி இடப்பக்கத் துறைக்கும் பாதி வலப்பக்கத் துறைக்கும் போய்க்கொண்டிருந்தது.