குட்டைக் கணக்கு

டிசம்பர் 3
காலையில் போனால் மோட்டார் கொட்டகைமேல் இரண்டு நீர்க்காகம், வேட்டி உலர்த்துவதுபோல இறக்கையை விரித்துக்கொண்டு. அதன் இறகில் தண்ணீர் ஏறிவிடும், முங்கி எழுந்தால் இப்படிக் காய வைத்தாக வேண்டும். அதாவது சாப்பாடு முடிந்தது. புதுச்சேரி பாகூர்ப் பக்கம், பத்துக் குழிப் பரப்பில் என் மீன்குட்டை. கட்லா, ரோகு, மிர்கால் என்று ஐந்நூறு குஞ்சு விட்டு இருபது நாள்தான் ஆகிறது. எல்லாம் விரல் நீளம். நீர்க்காகத்துக்கு அளவெடுத்துச் செய்த பண்டம்.

டிசம்பர் 5
மடையான் கொக்கும் வருகிறது. அதை விரட்ட மனசில்லை, முழங்காலளவுத் தண்ணீரில் கிடைப்பதைத் தின்றுவிட்டுப் போகிறது. பக்கத்துக் கொல்லைக்காரர் "ஏர்கன் எடுத்துட்டு வரவா?" என்றார். 1972 வனவிலங்குச் சட்டத்தைச் சொன்னேன். "சட்டமா உனக்கு மீன் வாங்கித் தரும்?"

டிசம்பர் 8
தங்கூசி வலையை, அதாவது மெல்லிய நைலான் நரம்பு வலையை, குட்டைமேல் கட்டினது என் முட்டாள்தனம். விடிந்து பார்த்தால் ஓரத்தில் ஒரு தண்ணிப்பாம்பு. விஷமில்லை, ஆனால் கோபம் அதிகம். நரம்பு செதிலுக்கடியில் இறங்கி, கழுத்துக்குக் கீழே மோதிரம்போல இறுகிக் கிடந்தது. பையன் சாக்கால் தலையை அமுக்கிக்கொள்ள, நான் அம்மாவின் தையல் கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினேன். அரைமணி நேரம். விட்டதும் பையன் செருப்பை ஒரு கடி கடித்துவிட்டுத்தான் போனது.

வலையை அவிழ்த்தாயிற்று. இனி முழத்துக்கு ஒன்றாக மஞ்சள் நைலான் கயிறு, நடுவில் பழைய வீடியோ கேசட் நாடா.

டிசம்பர் 15
காற்றில் நாடா விர்ரென்கிறது. நீர்க்காகம் தண்ணீரில் ஓடித்தான் மேலெழும்பும். கயிறு குறுக்கே இருந்தால் இறங்கவே யோசிக்கிறது.

டிசம்பர் 21
அப்படியும் தவிட்டுருண்டை போட்டால் மொய்க்கிற கூட்டம் இளைத்துக்கொண்டே போகிறது. பையன் தவளை கோத்துத் தூண்டில் போட்டான். முக்கால் கிலோ விரால்! வயிற்றைக் கீறினால் இரண்டு ரோகுக் குஞ்சு, ஒன்று மசியக்கூட இல்லை. நவம்பர் மழையில் வாய்க்கால் பொங்கி வந்தபோது மடையில் வலை கட்டாமல் விட்டது நான். இன்னும் எத்தனை உள்ளே இருக்கிறதோ.

சரி, கோடையில் இறைத்துவிட்டு இலுப்பைப் புண்ணாக்கு போட வேண்டியதுதான், அது மிச்சமிருக்கும் விராலைக் கொல்லும். ஒரு மீட்டர் தண்ணீருக்கு ஏக்கருக்கு ஒரு டன் கணக்கு. வற்ற வைத்தால் எனக்கு இரண்டு மூட்டைக்குள் முடியும். அப்புறம் அந்த நஞ்சு அடங்க மூன்று வாரம் பொறுத்துத்தான் குஞ்சு.

விராலை அம்மா குழம்பு வைத்தாள். ரோகு இரண்டும் பூனைக்கு.