சிங்கத்துக்குள்ள சாம்பிராணி

நேத்து ராத்திரி தூக்கம் வராம நியூயார்க் மெட் மியூசியத்தோட படங்களைப் புரட்டிட்டு இருந்தேன். ஒரு வெண்கலச் சிங்கத்துகிட்ட வந்ததும் விரல் நின்னுடுச்சு.

1181-82ல, ஈரானோட குராசான் பக்கம் ஒரு அமீருக்காக, அதாவது அந்தக் காலத்து ஆட்சித் தலைவருக்காக, வார்த்தது. உயரம் 85 செ.மீ. எங்க வீட்டு ஒன்றரை வயசு வாண்டு நிக்கிற உயரம்! ஏதோ சிலைன்னு நினைச்சேன். பார்த்தா தூபக்கால். தலையைக் கழட்டி உள்ளே தணலும் வாசனைப் பொருளும் போடணும். உடம்பு முழுக்கக் கொடி கொடியா துளை. புகை அது வழியாக் கசியும். விருந்துக் கூடத்துல ஒரு சிங்கம் மணக்க மணக்க மூச்சு விட்டுட்டு நின்னா எப்படி இருந்திருக்கும்! செஞ்சவர் ஜஃபர் இப்னு முஹம்மது இப்னு அலி. பேரு அது உடம்புலயே இருக்கு.

"இஸ்லாமியக் கலைல உருவமே கிடையாது"ன்னு அடிச்சுச் சொல்ற நண்பருக்கு உடனே அனுப்பிட்டேன். பள்ளிவாசலுக்குள்ள வைக்க மாட்டாங்கய்யா, அரண்மனைக் கதை வேற. நீலக் குறி விழுந்துடுச்சு, பதில்தான் இன்னும் வரல.

ஆனா என் மனசை அள்ளினது இன்னொண்ணு. ரஷ்யாவோட ஹெர்மிடாஜ் மியூசியத்துல இருக்கிற, 1206ல செஞ்ச திமில் பசு. தண்ணி ஊத்துற பாத்திரம். பசு, கன்னு, சிங்கம் மூணையும் ஒரே வார்ப்புல எடுத்தேன்னு செஞ்சவர் அது மேலயே பெருமையா எழுதி வெச்சிருக்கார். பசு முதுகுல சிங்கம் ஏறி நிக்குது. கன்னு பாட்டுக்கு, அதுக்கென்ன வந்துச்சு, மடியில வாயை வெச்சுட்டு நிக்குது.