மரமேறிச் செய்யும் ப்ராஜெக்ட்: கயிறு வாங்குவதற்கு முன்

எம்.எஸ்சி. மாணவர்கள் மர விதானத்தை, அதாவது மேலே கிளையும் இலையும் பரந்த பகுதியை, தலைப்பாக எடுத்ததும் ஹார்னஸ் (ஏறும்போது உடம்பில் மாட்டும் பட்டைக் கச்சை) எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது பின்னால் வரட்டும். மேலே ஏறாமல் கிடைக்கவே கிடைக்காத தகவல் எது? ஒரே வரியில் எழுத வரவில்லை என்றால் பைனாகுலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "ட்ரோன் போதாதா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

கோடியக்கரைக் காட்டில் பாலை மரங்கள் குட்டை. ஏணியும் நீளக் கம்பும் போதும். ஆனால் அது சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. கயிறு தேவைப்படுவது காவிரிக் கரை நீர்மருது, இலுப்பை, கோயில் ஆலமரம் போன்றவற்றுக்கு. நீர்மருதின் வெயில் இலைக்கும் நிழல் இலைக்கும் உள்ள வித்தியாசம், மாமரத்துப் புல்லுருவி எந்த உயரத்தில் அதிகம் என்பதெல்லாம் ஒரு செமஸ்டரில் முடிகிற தலைப்புகள்.

தூங்குமூஞ்சி மரம் வேண்டாம், கிளை சொல்லாமல் முறியும். 2018 கஜா புயலில் அடிபட்டுப் பிழைத்த மரங்களில் வெளியே பட்டை மூடியிருந்தாலும் உள்ளே பிளவு இருக்கலாம். அடிமரத்தைச் சுத்தியலால் தட்டி, பொள்ளல் சத்தம் வந்தால் விலகிவிடுங்கள். அருகே மின்கம்பி ஓடும் மரமும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறுவதை மறந்துவிட்டு, தை பிறந்ததும் தொடங்குங்கள்.

கயிறு 11 மி.மீ. தடிமனில், அதிகம் இழுபடாத மலையேற்ற வகையாக இருக்க வேண்டும். போர்வெல் மோட்டார் இறக்கும் நைலான் கயிறு ஆகவே ஆகாது. கயிற்றின் ஒரு முனையை அடிமரத்தில் கட்டி மறுமுனையில் ஏறுவதானால், 20 மீட்டர் கிளைக்கு 60 மீட்டருக்கு மேல் கயிறு வேண்டும்; மேலே இருப்பவரைக் கீழிருந்தே இறக்க நேர்ந்தால் அடியில் விடுவதற்கும் 20 மீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். இந்த முறையில் கிளை கிணற்று ராட்டினம் போல வேலை செய்யும். 60 கிலோ ஆள் தொங்கினால் கிளைமேல் கிட்டத்தட்ட 120 கிலோ சுமை. ஆகவே மணிக்கட்டுப் பருமன் கிளையெல்லாம் கணக்கில் வராது. குறைந்தது 15 செ.மீ. விட்டமுள்ள பச்சைக் கிளை, அதுவும் அடிமரத்தை ஒட்டிய கவட்டையாகப் பார்த்துக் கயிறு போடுங்கள்.

பாதி நாளை விழுங்குவது இந்தக் கயிறு போடும் வேலைதான். 300 கிராம் மணல் பையை மெல்லிய நூலில் கட்டி வீச வேண்டும். நூலைத் தரையில் குவித்தால் சருகில் சிக்கும். அகலமான கூடையில் விடுங்கள். பை கவட்டையில் மாட்டினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், விடுபட்டு நேராக முகத்துக்கு வரும். நூலோடு கயிற்றைச் சேர்க்கும் இடத்தில் முடிச்சு தடித்திருந்தால் மேலே போய் நின்றுவிடும். கயிற்று நுனியை டேப் சுற்றிக் கூம்பாக்கிவிட்டால் வழுக்கிக்கொண்டு வரும். கயிறு ஏறிய பிறகு இரண்டு பேர் சேர்ந்து தொங்கிக் குலுக்கிப் பார்க்காமல் ஒருவரும் ஏறக் கூடாது.

அதற்கும் முன்னால் கால் மணி நேரம் பைனாகுலரில் கதண்டுக் கூடு, மலைத்தேன் அடை, முசுறு எறும்பின் இலைக்கூடு தேடுங்கள். முசுறு தாங்கலாம். கதண்டு இருந்தால் அந்த மரமே வேண்டாம். கீழே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். அடிக்கட்டைத் தளர்த்தி மேலே இருப்பவரை இறக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; மயங்கியவர் ஹார்னஸில் சில நிமிடங்கள் தொங்குவதே உயிருக்கு ஆபத்து.

மேலே போனால் வேலை சுருக்கம். அடி, நடு, உச்சி என்று மூன்று மட்டத்திலும் தலா 30 இலை, லக்ஸ் மீட்டர் (வெளிச்சமானி) அளவு, நேரம். இலைப்பையில் மட்டத்தை அங்கேயே எழுதுங்கள். கீழே வந்து நினைவிலிருந்து எழுதினால் குழப்பம்தான்.

வைவாவில் பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் பெயர் கட்டாயம் வரும். பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களில் பூச்சிமருந்துப் புகையடித்து சுமார் 1,200 வண்டினங்களைச் சேகரித்து, 1982-இல் வெப்பமண்டலக் கணுக்காலி (பூச்சி, சிலந்தி போன்றவை) இனங்கள் 3 கோடி இருக்கலாம் என்று கணக்கிட்டவர். அதோடு நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். பின்னால் வந்த கணக்குகள் அந்த எண்ணை வெகுவாகக் குறைத்துவிட்டன, ஏன் என்றும் கேட்பார்கள்.

மதிப்பெண் அதிகம் போகும் இடம் வேறு. ஒரே மரத்தில் 90 இலை பறித்துவிட்டு மாதிரி எண்ணிக்கை 90 என்று போடுவது. புள்ளியியலுக்கு அது ஒரே ஒரு மரம்தான். ஐந்தாறு மரம் ஏற நேரமில்லை என்றால், உச்சி இலையைக் குறைத்தாவது மரத்தைக் கூட்டுங்கள்.