டிரம் பிரேக்கோடு சில வாரங்கள்

ஜூன் 7

மதியம் என் பழைய மோட்டார் சைக்கிள் நடுவழியில் நின்றுவிட்டது. நல்ல வெயில், நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலில் லேசாக இடறியது, பிறகு சைலன்சரில் இரண்டு மூன்று வெடி, அப்புறம் அடங்கிவிட்டது. உருண்டுகொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்து, சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்தினேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் பழக வேண்டியது இதுதான். என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு முன் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். வளைவை ஒட்டி நிற்கக் கூடாது. வண்டிக்கும் வருகிற லாரிக்கும் நடுவே குந்திக்கொண்டு பிளக் கழற்றக் கூடாது.

முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடமாகி பெட்ரோல் இறங்காது. திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். சத்தம் எதுவும் இல்லை. கார்புரேட்டரிலும் பெட்ரோல் இருந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் ஹெட்டின் மேல் சாய்த்து வைத்துக் கிக்கரை மிதித்தேன். பொறி வந்தது, ஆனால் மஞ்சளாக, சோகையாக. பிறகு சாவியைப் போட்டு, மூடியிருந்த பாயிண்டை (பொறி உண்டாக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கிற தொடுமுனை) ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்லப் பிரித்துப் பார்த்தேன். பிரிகிற இடத்தில் கண்ணைப் பறிக்கிற நீலப் பொறி. பிளக்குக்குப் போக வேண்டிய சக்தி பாயிண்டிலேயே எரிந்துகொண்டிருந்தது. பாயிண்டில் அப்படி எரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கண்டென்சர்தான் கோளாறு.

சூடானால் கைவிடும், ஆறினால் பழையபடி வேலை செய்யும். அதனால்தான் வீட்டில் நிறுத்திவைத்துச் சோதித்தால் கண்டென்சர் கோளாறு பிடிபடுவதே இல்லை. பையில் எப்போதும் ஒன்று உபரியாக இருக்கும். மாற்றி, பாயிண்ட் முகத்தை உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவே நிறுத்தினேன். இரண்டாவது உதையில் எஞ்சின் எழுந்தது.

திரும்பி வரும் வழியில் வேறொன்று தட்டுப்பட்டது. முன் பிரேக் லீவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக உள்ளே வருகிறது.

ஜூன் 8

லீவரிலிருந்து கேபிளை விடுவித்துப் பார்த்தேன். கேபிள் முனையில் இருக்கும் உலோகக் குமிழான நிப்பிளை ஒட்டினாற்போல் உள்கம்பியின் இரண்டு இழைகள் அறுந்து, முடி சிலிர்த்த மாதிரி வெளியே நின்றன. விரலை ஓட்டினால் குத்துகிறது. இழை மெல்ல இழுபட்டு மீதி கம்பி நீண்டிருக்கிறது. லீவர் உள்ளே வந்தது அதனால்தான்.

இந்த இடத்திலேயே ஏன் அறுகிறது? லீவரைப் பிடிக்கும்போது நிப்பிள் தன் குழியில் சுழல வேண்டும். குழி காய்ந்து நிப்பிள் சிக்கிக்கொண்டால், ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கம்பி அதே இடத்தில் மடங்கி மடங்கி நிமிரும். இழைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு துளி கிரீஸ் போதும், கேபிள் பல மடங்கு உழைக்கும்.

கிளட்ச் கேபிள் அறுந்தால் திருகி இறுக்குகிற நிப்பிள் ஒன்றைப் போட்டு வீடு வந்து சேரலாம். அது கூட இல்லாமல், கியரைப் பதமாக மாற்றி ஓட்டி வருகிறவர்களும் உண்டு. முன் பிரேக்குக்கு அந்தத் திருகு நிப்பிளை நான் ஒருபோதும் நம்ப மாட்டேன். அவசரத்தில் முழு பலத்தோடு பிடிக்கும்போதுதான் அது வழுக்கும். வேகம் குறையும்போது எடையெல்லாம் முன் சக்கரத்தின் மேல் சாய்வதால் வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. எஞ்சின் நின்றால் ஒரு மணி நேரம் போகும், அவ்வளவுதான். பிரேக் போனால் சாலை ஓரத்தில் ஒப்பேற்றிக்கொண்டு கிளம்பக் கூடாது. வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஏற்பாடு செய்ய வேண்டும்.

புதிய கேபிள் போட்டாயிற்று.

ஜூன் 14

நண்பரோடு மலைச் சாலையில் போய்வந்தேன். ஏறும்போது ஒன்றுமில்லை. இறக்கத்தில், பாதி தூரம் தாண்டியதும், லீவர் மறுபடி நீள ஆரம்பித்தது. கேபிள் புதிது. அட்ஜஸ்ட்மெண்டும் காலையில்தான் சரிபார்த்தேன். இன்னும் இரண்டு வளைவுகள் கழித்து லீவர் கிட்டத்தட்ட கைப்பிடியைத் தொட்டது. கருகல் வாடையும் வந்தது. இரண்டாம் கியருக்கு இறக்கி, எஞ்சின் இழுவையிலேயே வேகத்தைக் கட்டி, அகலமான இடம் பார்த்து ஒதுங்கினோம். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் அருகே கையைக் கொண்டுபோனபோதே அனல் அடித்தது.

"அட்ஜஸ்டர்ல ரெண்டு சுத்து இறுக்கிடு, சரியாப் போயிடும்" என்றார் நண்பர். "வேண்டாம்ண்ணே, ஆறட்டும்" என்றேன்.

காரணம் இது. டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் உலோகக் கிண்ணம். லைனர் ஒட்டிய இரண்டு ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து அதை உரசி நிறுத்துகின்றன. டிரம் சூடானால் விரிகிறது, ஷூவை விட்டு விலகிப் போகிறது. ஷூ அதைத் துரத்திப் பிடிக்க லீவர் அதிக தூரம் வர வேண்டியிருக்கிறது. கூடவே லைனரின் பிடிமானமும் சூட்டில் குறைகிறது. சூட்டோடு இறுக்கிவிட்டால், ஆறிச் சுருங்கும் டிரம் ஷூவின் மேல் உட்கார்ந்துவிடும். பிறகு பிரேக் பிடிக்காமலே உராய்ந்து மறுபடி சூடேறும், மோசமானால் சக்கரமே இறுகும். தண்ணீர் ஊற்றியும் குளிரவைக்கக் கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விட வாய்ப்பு உண்டு. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். லீவர் தானாகப் பழைய இடத்துக்கு வந்தது.

வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 60-லிருந்து 80-க்குப் போனாலே முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அத்தனையும் வெப்பமாகி, மூடிய அந்தச் சின்ன டிரம்முக்குள்தான் போகிறது. இறக்கத்தில் பிரேக்கை மெல்லத் தேய்த்துக்கொண்டே வருவதைவிட, குறைந்த கியரில் வந்து, தேவைப்படும்போது அழுத்தமாகப் பிடித்து முழுதாக விட்டுவிடுவது நல்லது. விட்ட நேரத்தில் டிரம் மூச்சு விடும்.

ஆனாலும் இவ்வளவு சீக்கிரம் தளர்ந்திருக்கக் கூடாது. திறந்து பார்க்க வேண்டும்.

ஜூன் 17

முன் சக்கரத்தைக் கழற்றினேன். ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட்டைத் தூக்குவதற்கு முன் முகமூடி. பழைய லைனர்களில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005 தொடக்கத்திலிருந்து அதைத் தடை செய்துவிட்டது என்றாலும், எப்போதோ போட்ட ஷூவில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் தூசியை வாயால் ஊதுவதையும் காற்றுக் குழாய் வைத்து அடிப்பதையும் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும்.

லைனர் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. நகத்தால் கீறினால் கோடு விழவில்லை. அதுவும் முழு முகத்தில் இல்லை. ஷூவின் நடுவில் மட்டும் ஒரு பட்டை. இரண்டு முனைகளும் டிரம்மைத் தொட்டதே இல்லை என்று தெரிந்தது. ஒரு முனையில் கிரீஸ் கசிந்த கறை வேறு. ஹப் பேரிங்கின் ஆயில் சீல் விறைத்துப்போயிருந்தது.

கிரீஸ் ஊறிய லைனரைக் காப்பாற்ற முயல்வது வீண். பெட்ரோலில் கழுவினாலும் சூடேறும்போது உள்ளேயிருந்து மறுபடி கசியும். புதிய லைனர் ஒட்டக் கொடுத்துவிட்டேன்.

ஷூக்களை விரிக்கிற கேமின் முனையில், கேபிள் இழுக்கிற கையையும் கவனித்தேன். பிரேக் பிடித்த நிலையில் கையும் கேபிளும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால்தான் இழுவை முழுதும் பயன்படும். லைனர் தேயத் தேய அந்தக் கோணம் தாண்டிப் போகும். அப்போது கையைக் கழற்றி, கேம் தண்டின் பற்களில் ஒரு பல் பின்னால் தள்ளிப் போடுவது பலருடைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லைனர் தேய்ந்ததைக் காட்டுகிற ஒரே அடையாளத்தை அது மறைத்துவிடுகிறது. லைனர் ரொம்ப மெலிந்தால் கேம் நிலை தாண்டிப் புரண்டு, பிரேக் பிடித்தது பிடித்தபடியே நின்றுபோகும்.

ஜூன் 21

மெக்கானிக் பெரியவர் சக்கரத்தை லேத்தில் ஏற்றிச் சுழற்றிக் காட்டினார். டிரம் ஓர் இம்மி நீள்வட்டமாக இருக்கிறது. "ஸ்போக்கைக் கழட்டிட்டு டிரம்மை மட்டும் கடையக் கூடாது தம்பி. ஸ்போக் இழுக்குற இழுப்புலதான் அது கோணுது" என்றார். ரிம்மோடு சேர்த்தே, தேவையான அளவு மட்டும் கடைந்தார். ஷூவையும் அந்த விட்டத்துக்கு ஏற்ப வளைவாகச் செதுக்கி, முன் விளிம்பைச் சாய்வாகச் சீவிக் கொடுத்தார். விளிம்பு கூராக இருந்தால் டிரம்மைக் கவ்வி இழுக்கும், கீச்சிடும்.

என் வண்டியில் ஒரு ஷூதான் லீடிங். சக்கரம் சுழல்கிற திசையிலேயே விரிவதால் டிரம்மே அதை இழுத்து அழுத்திக்கொள்ளும். மற்றது டிரெய்லிங், சுழற்சி அதைத் தள்ளிவிடப் பார்க்கும். இரண்டையும் லீடிங் ஆக்கினால் பிடிப்பு நன்றாகக் கூடும். 1968-ல் டிரையம்ப் போன்வில் 8 அங்குல இரட்டை லீடிங் ஷூவோடு வந்தது அதற்காகத்தான். அடுத்த ஆண்டே ஹோண்டா சிபி750 முன் டிஸ்க்கோடு வந்து பேச்சையே மாற்றிவிட்டது. என்னிடமும் டிஸ்க் மாட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் இந்த ஃபோர்க் அந்த விசைக்காகச் செய்யப்பட்டது இல்லை. வட்டமான டிரம்மும் முழு முகம் பதிகிற ஷூவும் இருந்தால், இந்த வண்டி ஓடுகிற வேகத்துக்கு டிரம் பிரேக் போதும்.

ஜூன் 22

பூட்டியாயிற்று. புதிய ஆயில் சீல். கேமில் அதிகச் சூடு தாங்கும் கிரீஸ், பூசினதே தெரியாத அளவு. கடைசியில் ஆக்சில் நட்டைத் தளர்த்தி வைத்து, சக்கரத்தைச் சுழற்றி, லீவரை இறுகப் பிடித்து, பிடித்த பிடியிலேயே நட்டை முறுக்கினேன். இரண்டு ஷூவும் டிரம்முக்குள் நடுவாக உட்கார இது நல்ல வழி. இதற்குப் பணமும் வேண்டாம், பாகமும் வேண்டாம். லீவரின் உணர்வே மாறிவிடுகிறது: பஞ்சுபோல் அமுங்கியது இப்போது ஓரிடத்தில் திடமாக நிற்கிறது.

ஜூலை 2

புது லைனர் படிகிற வரை நிதானமாக ஓட்டினேன். 50-லிருந்து மிதமாகப் பிடித்து இறக்குவது, ஆறவிடுவது, மறுபடி. இன்று மழை. தேங்கிய நீரைக் கடந்ததும் லீவரைப் பிடித்தால் முதலில் ஒன்றுமே இல்லை, அப்புறம் சட்டென்று கவ்வியது. டிரம்முக்குள் நீர் புகுந்தால் எந்த டிரம் பிரேக்கும் இப்படித்தான். பின்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

பின் பிரேக் பாக்கி. பிரேக் பிளேட்டைப் பிடித்து நிறுத்துகிற டார்க் ஆர்ம் போல்ட்டில் சின்ன ஆட்டம் தெரிகிறது. அது கழன்றால் பிளேட்டே சக்கரத்தோடு சுற்றிப் பிரேக் ராடை முறுக்கிவிடும். புதிய போல்ட், லாக் நட், கூடவே பைக்கு இன்னொரு கண்டென்சர் சொல்லியிருக்கிறேன். வந்து சேரும் வரை வண்டியை எடுப்பதாக இல்லை.